மீன்பிடி மின்விளக்கு

மீன்பிடி மின்விளக்கு என்பது இரவில் மீன், கணவாய் முதலியவற்றை வலைக்கு அருகே ஈர்ப்பதற்காகப் படகில் பொருத்தப்படும் விளக்கு ஆகும். ஒளியை நாடி மிதவை நுண்ணுயிர்கள் கூடுகின்றன. அவற்றை உண்ண நெத்திலி, சாளை போன்றவையும் பின்னர் பெரிய மீன்களும் வருகின்றன.

வகைகள்

டங்ஸ்டன் இழை விளக்கின் ஒளியில் சிவப்பு மிகுதி. கடல்நீர் சிவப்பை விரைவில் உறிஞ்சிவிடுவதால் இது இப்பணிக்கு அவ்வளவாக ஏற்றதன்று. பாதரச ஆவியில் மின்வில் உண்டாக்கும் உலோக ஆலைடு விளக்கு கணவாய்ப் படகுகளில் பரவியது. முழு ஒளி பெற அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், மின்னாக்கியும் தேவை. குறைகடத்தியாலான எல்.இ.டி. விளக்கு மின்கலத்திலேயே எரியும். ஆழம் ஊடுருவும் நீலம் அல்லது பச்சை ஒளியை மட்டும் தரவல்லது. இந்த எளிமையே சிக்கலுக்கும் காரணமாயிற்று.

தடை

இராமேசுவரம், மண்டபம் பகுதிகளை ஒட்டிய பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. இங்கு வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளும் மற்ற நாட்களில் நாட்டுப்படகுகளும் தொழில் செய்வது வழக்கம். வலிய விளக்குகள் பரந்த பரப்பிலுள்ள மீன்களைக் குஞ்சுகளோடு ஓரிடத்தில் திரட்டிவிடுவதால், இத்தகைய பங்கீடு பொருளிழக்கும். சிறு வலைக்காரருக்கு மீதம் இராது.

இந்திய நடுவண் அரசு 2017 நவம்பரில் தனிப் பொருளாதார மண்டலத்தில் எல்.இ.டி. போன்ற செயற்கை ஒளியால் மீன்பிடிப்பதைத் தடை செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பை மாநில அரசுகள் ஒழுங்குபடுத்துகின்றன.

படகின் வழிச்செல் விளக்குகள் வேறு. இரவில் ஓடும் விசைப்படகு இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் காட்ட வேண்டும்.