மூச்சிளைப்பு உள்ள குழந்தை தெருவில் விளையாடலாமா?

உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிறது. பேச்சு வழக்கில் இதனை 'வீசிங்' என்றும் இளைப்பு என்றும் கூறுகிறோம். வீட்டின் ஒரு பக்கம் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளின் புகை. மறுபக்கம் துறைமுகத்தை நோக்கி வரிசையாகச் செல்லும் கன்டெய்னர் லாரிகள். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வசிக்கும் பெற்றோர், மாலையில் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பத் தயங்குவது இயல்பே. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் குழந்தையை விளையாட அனுமதிக்கலாம்; அனுமதிப்பது நல்லதும்கூட. எந்தத் தெரு, எந்த நேரம், எந்த நாள் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

வீட்டுக்குள் வைத்திருப்பது பாதுகாப்பானதா?

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஓடாமலே வளரும் குழந்தையின் உடல் எடை கூடுகிறது. எடை கூடினால் இளைப்பைக் கட்டுப்படுத்துவது மேலும் கடினமாகிறது. பகல் வெளிச்சத்தில் நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏற்படும் வாய்ப்பும் குறைவு.

வீட்டுக் காற்று தூய்மையானது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடானது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஒரே அறையில் சமையல், சாம்பிராணிப் புகை, பீடி, கொசுவர்த்தி எல்லாம் சேர்ந்திருக்கும் வீட்டில் குழந்தையை அடைத்து வைத்தால், அதன் நுரையீரலுக்கு எந்த நன்மையும் கிடைக்காது. வெளிக்காற்றை உங்களால் மாற்ற இயலாது. இந்தப் புகைகளை இன்றே நிறுத்த இயலும். கொசுவுக்கு வலையே போதும்.

எந்தத் தெரு?

எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை போன்ற சாலைகளின் ஓரத்தில் எந்தக் குழந்தையும் விளையாடக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. டிரெய்லர் லாரியின் முன்புறத்தை ஒட்டியும் இடப்புறத்திலும் நிற்கும் சிறு பிள்ளை, உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட லாரியின் அடியில் பந்தை எடுக்க நுழைவதும், அதன் நிழலில் அமர்வதும் ஓடும் வண்டியின் குறுக்கே செல்வதற்கு நிகரான ஆபத்தே. வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் திறன் ஏறத்தாழ ஒன்பது, பத்து வயது வரை பிள்ளைகளுக்கு முழுமையாக வருவதில்லை. ஆகவே "பார்த்துப் போ" என்ற அறிவுரை ஆறு வயதுக் குழந்தைக்குப் பாதுகாப்பு ஆகாது.

டீசல் புகையும் இதே எல்லையைத்தான் காட்டுகிறது. ஓடும் குழந்தை வாயால் மூச்சு விடுகிறது. மூக்கு வடிகட்டக்கூடிய துகள்கள் நேரடியாக நுரையீரலுக்குள் செல்கின்றன. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் உள்ளிழுக்கும் காற்றும் அதிகம். ஆயினும் பெரிய சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே சென்றாலே வாகனப் புகையின் செறிவு வெகுவாகக் குறைந்துவிடும். இரு சக்கர வண்டிகள் மட்டும் மெதுவாகச் செல்லும் உட்தெரு, குப்பத்துச் சந்து, கோயில் திடல், மாநகராட்சி விளையாட்டுத் திடல் ஆகியவை ஏற்றவை. திண்ணையிலோ நாற்காலியிலோ ஒரு பெரியவர் அமர்ந்திருக்கும் தெரு இன்னும் நல்லது.

எந்த நேரம்?

கடலோரத்தில் வாழும் உங்களுக்குக் காற்றின் போக்கு தெரியும். அதையே பயன்படுத்திக் கொள்ளுங்கள். மணலி, திருவொற்றியூருக்கு மேற்கே உள்ளது. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கினால் அங்குள்ள புகை உள்நாட்டை நோக்கித் தள்ளப்படும். இரவிலும் விடியலிலும் நிலக்காற்று எதிர்த்திசையில் வருவதால் அப்புகை கடற்கரைக் குடியிருப்புகளை எட்டக்கூடும். மேல்காற்று வலுக்கும் ஆடி மாதக் காலையிலும் அவ்வாறே. மார்கழி, தை மாதங்களின் பனி மூடிய காலையில் புகை மேலெழாமல் தரையோடு தங்குகிறது. போகி விடியலில் டயர் எரியும் நாற்றமும் சேர்ந்துவிடும். அன்று இளைப்புள்ள குழந்தையை வெயில் ஏறும் வரை வெளியே விட வேண்டாம். பெரும்பாலான நாட்களில் மாலை நான்கு முதல் ஆறு மணி வரையிலான நேரம் ஏற்றது.

ஐயம் இருந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் இராயபுரம் அல்லது மணலி நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 100 வரை இருந்தால் வழக்கம்போல் விளையாடலாம். 101 முதல் 200 வரை இருந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரக்கூடும். ஓட்டத்தைக் குறைத்து கேரம், கோலி போன்ற விளையாட்டுகளுக்கு மாற்றுங்கள். 200-ஐத் தாண்டினால் அன்று வீட்டிலேயே இருக்கட்டும். எண்ணைவிடக் குழந்தையின் மூச்சே நம்பத்தக்கது. குறியீடு நன்றாக இருந்தும் முந்தைய இரவு இருமியிருந்தால், அன்று ஓய்வு தேவை.

இன்ஹேலர்

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தால் தினசரித் தடுப்பு மருந்தை இடையில் நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. அது போதைப் பழக்கத்தை உண்டாக்கும் மருந்து அன்று. அதை நிறுத்துவதால்தான் விளையாட்டின் நடுவே இளைப்பு வருகிறது. ஓடினால் இளைக்கும் குழந்தைக்கு, விளையாட்டுக்கு 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன் நிவாரண இன்ஹேலரைப் பயன்படுத்த மருத்துவர் சொல்லியிருந்தால் அதைத் தவறாமல் பின்பற்றுங்கள். முதலில் சில நிமிடங்கள் நடை, பிறகு ஓட்டம் என்ற ஒழுங்கும் உதவும்.

விளையாடும்போது இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் போன்ற ஒலி தோன்றினால் விளையாட்டை நிறுத்தி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் ஸ்பேசர் மூலம் மருந்து கொடுங்கள். மருந்து கொடுத்தும் குறையாவிட்டாலோ, முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை சோர்ந்து மயங்கினாலோ 108-ஐ அழையுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இரவு பகலாக அவசரச் சிகிச்சை உண்டு.

உடனே அழைத்துக்கொள்ள வேண்டிய நாட்கள்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தன; நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இதுபோன்ற கார நெடியைத் தெருவில் உணர்ந்தால் விளையாட்டை உடனே நிறுத்துங்கள். நெடி லேசாக இருந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துச் சன்னல்களை மூடுங்கள். கடுமையாக இருந்தால், அமோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால், ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். கண் எரிந்தால் 15 நிமிடங்கள் தூய நீரால் கழுவ வேண்டும். நெடியைச் சுவாசித்த ஆஸ்துமா குழந்தை தேறியது போலத் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து இளைப்பு வரக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தையும் அருகிலுள்ள குடியிருப்புகளையும் அடைந்தது. எண்ணெய் படிந்த தெருவிலும் தேங்கிய வெள்ள நீரிலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் வரும் வழியும் அதுவே. தோலில் ஒட்டிய எண்ணெய்க் கசடைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துப் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவியே இளைப்பைத் தூண்டும்.

இத்தகைய நாட்களில் ஐயங்களுக்கு 104 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். மற்ற நாட்களில் ஒரு சிறு ஏற்பாடு போதும். குழந்தையின் பெயர் எழுதிய நிவாரண இன்ஹேலரையும் ஸ்பேசரையும் ஒரு பையில் போட்டு, விளையாடும் தெருவில் வழக்கமாக அமர்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுத்து, பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டுங்கள். உடன் விளையாடும் பிள்ளைகளுக்கும் அந்தப் பை யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.