சட்டைப்பைக்கு அடங்கும் பச்சை ஒளி

மாசி மாத முன்னிரவில் திருகோணமலை டச்சுக் குடாக் கரையில் அண்ணாந்து பார்த்தால், திருவாதிரை கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே சிவந்து நிற்கும். "எந்த வெள்ளி, மாமா?" என்று மருமகன் கேட்டான். சட்டைப்பையில் இருந்த பேனா லேசரை அமுக்கினேன். பச்சை நூல் ஒன்று விறுவிறுவென்று வானத்தில் ஏறியது. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே போய் வெள்ளியைக் கண்டுகொண்டவன், உடனே கேட்டான்: "இதைவிடப் பவர் கூடினது வாங்குவமா?"

அவன் மனதில் இருந்தது டோர்ச் அளவிலான 1 வாட் நீல லேசர். என் பேனா வெறும் 5 மில்லிவாட். ஆனால் அதுவே போதும். நம் கண்ணுக்குத் தெரியும் அந்த நூல், காற்றிலுள்ள துகள்களில் பட்டுச் சிதறி வரும் ஒளிதான். துறைமுகக் காற்றில் உப்புத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. நிறமும் கைகொடுக்கிறது: 532 நானோமீட்டர் பச்சையோடு ஒப்பிட்டால், அதே திறனுள்ள 650 நானோமீட்டர் சிவப்பு கண்ணுக்கு எட்டில் ஒரு பங்குதான்.

பெரிய லேசரின் சுமை பட்டரியோடு முடிவதில்லை. 1 வாட் ஒளி தரும் டயோடு அதைப்போல் சில மடங்கு மின்சாரத்தைக் குடிக்கிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வாங்கத் தடித்த உலோக உடல் வேண்டும். அப்படியும் சிறிது நேரம் எரித்தால் அணைத்து ஆறவிட வேண்டும். பச்சைப் பேனாவுக்கும் சூடு ஆகாது. உள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தை உசுப்ப, அது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தர, இன்னொரு படிகம் அதைப் பச்சையாக்குகிறது. டயோடு சூடேறினால் 808 நகர்ந்துவிடும், பச்சை மங்கும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை மலிவுப் பேனாக்களில் விட்டுவிடுவதும் உண்டு. 2010இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் சோதித்த ஒரு பேனாவில், பச்சையைவிட அகச்சிவப்பே பல மடங்கு வெளிவந்தது. கண் சிமிட்டிக் காக்க முடியாத ஒளி அது.

என் கணக்கில் எடையைச் செலவழிக்க வேண்டிய இடம் வாட் அல்ல, லென்ஸ். 1 மில்லிமீட்டர் அகலக் கற்றை 1 கிலோமீட்டரில் 70 சென்டிமீட்டராக விரிந்துவிடும். சந்திரன்வரை போனால் 260 கிலோமீட்டர். இங்கிருந்து கொழும்புக்குப் போகும் தூரம்! அப்பொல்லோ வீரர்கள் வைத்த கண்ணாடிகளைக் குறிவைக்கும் விஞ்ஞானிகள் லேசரை 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாகத் தடிப்பாக்கி அனுப்புகிறார்கள். சந்திரனில் அது விரிவது சுமார் 2 கிலோமீட்டர்தான். எங்களுக்கு விரலளவு விரிவாக்கிக் குழல் போதும். கற்றை 5 மடங்கு தடிப்பாகப் புறப்பட்டால் 1 கிலோமீட்டரில் ஒரு சாணுக்குள் நிற்கும்.

1 வாட் நீலத்தில் எனக்குப் பயம் வேறு. கண் சிமிட்டுவதற்குள், கால் நொடியில், விழித்திரை வெந்துவிடும். குடாவில் படகுகள் வரும் போகும். சீனக்குடாவில் விமான ஓடுபாதை. பல கிலோமீட்டருக்கு அப்பாலும் விமானியின் கவனத்தைச் சிதறடிக்க அந்த லேசர் போதும்.

அன்றிரவு சீனக்குடாப் பக்கம் விளக்கொன்று மெல்ல மேலே எழுந்தது. மருமகனின் விரலை லேசர் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். விளக்கு தாண்டிப் போகும்வரை இருவரும் இருட்டில் காத்திருந்தோம்.