நெஞ்சு படபடக்கிறதா? எத்தனை காப்பி குடித்தீர்கள்?

நெல்லைக்கு வடக்கே, மதுரைச் சாலையில் இருக்கிறது கங்கைகொண்டான். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை உண்டு. இரவு வேலைக்குப் போகிறவர்களும், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்களும் தூக்கத்தை விரட்டத் தேடுவது எதை? காப்பியை, டீயைத்தான்!

விடியும் நேரம். வேலை முடிந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். படுக்கிறார். தூக்கம் வரவில்லை. நெஞ்சு "திக் திக்" என்று அடிக்கிறது. கை நடுங்குகிறது. "ஐயோ, மாரடைப்போ?" என்று பயப்படுகிறார். வீடே பதறுகிறது.

இரவு முழுவதும் அவர் குடித்த ஆறு டம்ளர் காப்பி யாருக்கும் நினைவு வருவதில்லை!

கள்ளன் யார்?

காப்பியிலும் டீயிலும் இருக்கும் காஃபீன்தான் அந்தக் கள்ளன். 1819-ல் ஜெர்மனி நாட்டு ரசாயன நிபுணர் ரூங்கே, காப்பிக்கொட்டையிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்தார்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. "போதும், போய்ப் படு" என்று சொல்வது அதுதான். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அசதி போவதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

கூடவே உடம்பில் அட்ரீனலின் சுரக்கிறது. பாம்பைக் கண்டால் சுரக்குமே, அதேதான்! பாம்பு இல்லாவிட்டாலும் நெஞ்சு படபடக்கிறது. மனம் சும்மா இருக்குமா? பயப்பட ஒரு காரணத்தைத் தேடுகிறது. மகள் கல்யாணக் கடனோ, மகன் பரீட்சையோ, ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. திடீர் திடீரென்று பீதி வரும் நோய் சிலருக்கு உண்டு. அவர்களை வைத்து நடந்த பல ஆராய்ச்சிகளை 2022-ல் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் ஐந்து கப் காப்பியில் உள்ள காஃபீனைக் கொடுத்தபோது, பாதிப் பேருக்குப் பீதி கிளம்பியிருந்தது. அந்த நோய் இல்லாதவர்களில் மிகச் சிலருக்கே அப்படி ஆனது.

கோர்ட்டு ஏறிய காஃபீன்

கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று வழக்கு நடந்தது நினைவிருக்கும். 2016 நவம்பரில் மதுரை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது.

அது தண்ணீர் வழக்கு. கோலாவில் உள்ள காஃபீனுக்காகவே அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது! 1909-ல் கொக்கோ கோலா பாகைப் பீப்பாய் பீப்பாயாகச் சர்க்கார் பறிமுதல் செய்தது. 1911-ல் விசாரணை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கடைசியில் கம்பெனி காஃபீனைக் குறைத்தது.

இன்று 300 மில்லி கோலாவில் சுமார் 30 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. ஒரு கப் காப்பியில் ஏறக்குறைய மூன்று மடங்கு. டிகாஷன் கெட்டியானால் இன்னும் கூடும். (சிக்கரியில் காஃபீன் கிடையாது. சிக்கரித் தூளைப் பழிக்கும் காப்பிப் பிரியர்கள் கவனிக்க!)

எவ்வளவு குடிக்கலாம்?

நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை. கர்ப்பிணிகளுக்கு 200 தான். மாலை 5 மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் கெடும். மறுநாள் கவலை கூடும். அதைப் போக்க இன்னொரு காப்பி!

அதற்காக நாளைக் காலையே டபராவைக் கவிழ்த்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். சில நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். படபடப்பும் குறைகிறதா என்று பாருங்கள்.

நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் மட்டும், "காப்பிதான் காரணம்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் எத்தனை டம்ளர் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.