இத்தாலியன் மண்டபம் (காலுமெட்)

இத்தாலியன் மண்டபம் என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கீவினா தீபகற்பத்திலுள்ள காலுமெட் என்னும் செப்புச் சுரங்க ஊரில் இருந்த இரண்டு மாடிக் கட்டடம் ஆகும். 1913 திசம்பர் 24 அன்று இங்கு ஏற்பட்ட நெரிசலில் 73 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 59 பேர் குழந்தைகள். கட்டடம் 1984இல் இடிக்கப்பட்டது. அதன் நுழைவாயில் வளைவு மட்டும் அதே இடத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

மண்டபமும் மக்களும்

பின்லாந்து, குரோவாசியா, சுலோவீனியா, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே காலுமெட் சுரங்கங்களில் பெரும்பாலும் வேலை செய்தனர். நோய், சாவு போன்ற இடர்களில் ஒருவருக்கொருவர் உதவ அவர்கள் தத்தம் மொழியினருக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். இத்தாலியரின் அத்தகைய சங்கம் 1908இல் இம்மண்டபத்தைக் கட்டியது. கீழ்த்தளத்தில் ஒரு மதுக்கடையும் மளிகைக் கடையும் இருந்தன. மாடியில் மேடையுடன் கூடிய கூடம் இருந்தது. கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் பிற இனத்தவரும் இதைப் பயன்படுத்தினர்.

வேலைநிறுத்தம்

1913 சூலை 23 அன்று மேற்குச் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு வேலைநிறுத்தம் தொடங்கியது. எட்டு மணி நேர வேலை, நாளொன்றுக்கு 3 டாலர் கூலி, சங்கத்தை ஏற்றல் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். இருவர் இயக்கிய துளைப்பொறிக்கு மாற்றாக ஒருவரே இயக்கும் பொறி வந்ததையும் தொழிலாளர்கள் எதிர்த்தனர். அது பலரின் வேலையைப் பறித்தது. தனியே வேலை செய்பவர் அடிபட்டால் உதவ அருகில் ஆள் இருக்கமாட்டார். இதனால் அப்பொறியைக் ‘கைம்பெண்ணாக்கி’ என்றே அழைத்தனர்.

நெரிசல்

ஐந்து மாதமாகக் கூலியின்றி இருந்த குடும்பங்களின் குழந்தைகளுக்காகச் சங்கத்தின் மகளிர் பிரிவு கிறித்துமசு விழா நடத்தியது. ஆன்னி கிளெமெங்க் அதற்குத் தலைமை தாங்கினார். மாடிக் கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தபோது யாரோ ‘தீ’ என்று கத்தினார். தீ எதுவும் இல்லை. ஆயினும் தெருவாயிலுக்கு இறங்கும் படிக்கட்டை நோக்கி மக்கள் ஓடினர். முன்னால் சென்றவர்கள் இடறி விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டனர். பலர் பின்லாந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

விடை கிடைக்காத கேள்வி

கத்தியவர் சங்கத்தை எதிர்த்த ‘குடிமக்கள் கூட்டணி’யின் சின்னத்தை அணிந்திருந்ததாகச் சிலர் சாட்சியம் அளித்தனர். விசாரணை ஆங்கிலத்திலேயே நடந்ததால், அம்மொழி அறியாத சாட்சிகள் தாம் கண்டதை முழுமையாகக் கூற இயலவில்லை. கத்தியவர் யார் என்பது முடிவாகவில்லை. குடிமக்கள் கூட்டணி திரட்டிய உதவிப் பணத்தைத் தொழிலாளர் குடும்பங்கள் ஏற்க மறுத்தன. 1914 ஏப்ரலில், சங்கத்துக்கு ஏற்புக் கிடைக்காமலேயே வேலைநிறுத்தம் முடிவுற்றது.

இடிப்பும் நினைவும்

நேர்ச்சிக்குப் பின்னும் மண்டபம் பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. செப்புத் தொழில் நலிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபின் ஊரின் மக்கள்தொகை குறைந்தது, கட்டடமும் பழுதடைந்தது. 1984இல் அது இடிக்கப்பட்டபோது, உள்ளூர் மக்களின் முயற்சியால் வாயில் வளைவு காப்பாற்றப்பட்டது. மண்டபம் இருந்த இடம் சிறு பூங்காவாயிற்று.

அங்கு மாநில அரசு வைத்த வரலாற்றுப் பலகை, கதவுகள் உட்புறமாகத் திறந்ததையும் சாவுகளுக்கு ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. ஆனால் 1913ஆம் ஆண்டு விசாரணையில் கதவுகள் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பின் பலகையின் வாசகம் திருத்தப்பட்டது. இது சிறு திருத்தம் அன்று. கதவைக் குற்றம் சாட்டினால், பொய்யாகக் கத்தியவர் மீதான கேள்வி பின்னுக்குப் போய்விடும். கட்டடமே இல்லாத நிலையில் கதவைத் திறந்து பார்த்து உறுதி செய்யவும் வழியில்லை.

ஊடி கத்ரி பாடிய ‘1913 மாசகர்’ என்னும் பாடல் இந்நிகழ்வை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றது. இறந்தோரின் பெயர்கள் பொறித்த கருங்கல் நினைவுச் சின்னமும் பின்னாளில் பூங்காவில் நிறுவப்பட்டது.