துளை போடும் முன்னே கேட்கணும்

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஒரு விவசாயிக்குக் கிணற்றுக் கடன் கொடுக்கணும்னாகூட முதலில் நிலத்தைப் போய்ப் பார்ப்போம். சிட்டா, அடங்கல், வில்லங்கம் வாங்குவோம். பக்கத்துக் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்குன்னு அளப்போம். அப்புறம்தான் கையெழுத்து. ஓய்வு பெற்று, திருத்தங்கல் பக்கம் குதிரைவாலியும் கொய்யாவுமாக இருக்கிற இப்போதும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

கனிம ஆய்வு விஷயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் கையெழுத்து, அப்புறம்தான் நிலத்தைப் பார்ப்பது.

அரிட்டாபட்டி சொன்ன பாடம்

மதுரை மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி சுமார் 2,015 ஹெக்டேர். அதற்குள்ளேயே அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் வந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசே அறிவித்த இடம் அது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், சுமார் 200 சுனைகள், லகர் வல்லூறு பறக்கும் பாறைகள், தமிழி கல்வெட்டு எல்லாம் அங்கே உண்டு. 2024 நவம்பர் 7-ல் ஏல முடிவு வந்து, இந்துஸ்தான் ஜிங்க் தேர்வான பிறகுதான் ஊர் மக்கள் பலருக்கும் விஷயமே தெரிந்தது.

அந்த ஏலம் 'கூட்டு உரிமம்' என்ற வகை. மேலோட்டமான ஆய்வை வைத்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் விரிவாகத் துளை போட்டுப் பார்த்து, பிறகு சுரங்கக் குத்தகைக்குப் போவார். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வெற்றிதான். ஆனால் முதல் நாளே கேட்டிருந்தால் இத்தனை அலைச்சல் எதற்கு?

டங்ஸ்டனே வேண்டாம்னு நான் சொல்லலீங்க. நம்ம ஊர் போர் வண்டியின் துளைக்கும் முனையிலேயே டங்ஸ்டன் கார்பைடுதான் இருக்கு. எங்கே, எப்படி, யாரைக் கேட்டு என்பதுதான் கேள்வி.

'சும்மா ஆய்வுதானே?'

இப்படிச் சொல்லித்தான் வருவார்கள். எங்கள் மாவட்டக் கரிசல் காட்டில் என் நண்பர் ஒருவரின் நிலத்தில் சுண்ணாம்புக்கல் பார்க்க வந்தார்கள். யார் என்பது இங்கே வேண்டாம். கார்த்திகை மாசம், காடு முழுக்க ஈரம், பயிர் நிற்குது. லாரி ஏறி இறங்கிய தடம் கல்லாக இறுகிவிட்டது. அடுத்த வருஷம் அந்தத் தடத்தில் விதை முளைக்கவில்லை. துளையிலிருந்து வந்த சேறு வரப்போரம் அப்படியே கிடந்தது. துளையை மூடாமலே போய்விட்டார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத துளை ஒரு குழந்தையை விழுங்கியதை நாம் மறக்க முடியுமா?

கண்ணுக்குத் தெரியாத கெடுதல் ஒன்றும் உண்டு. மேலே நல்ல தண்ணி, கீழே உப்புத் தண்ணி இருக்கிற இடத்தில் துளையை அடைக்காமல் விட்டால், அதன் வழியே இரண்டும் கலந்துவிடும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவுப்படி, நிலத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு உரிமம் பெற்றவர் ஈடு தரவேண்டும். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய வேலியடைத்த முற்றம், தோட்டத்துக்குள்ளோ நுழைய நம் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தரவேண்டும். ஆனால் ஆய்வுக் கட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. அதனால் மக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கே கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான். இனி நாமாகக் கேட்டால்தான் உண்டு.

ஊர் கேட்க வேண்டியவை

1. சர்வே எண், துளைகளின் எண்ணிக்கை, ஆழம், நாட்கள் எல்லாம் தமிழில் கிராம சபைக்கு முன்கூட்டியே வரவேண்டும். கண்மாய், ஓடை, சுனை, கோயில் காடு ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கணும்.

2. மானாவாரிக் காட்டில் அறுவடை முடிந்த மாசி முதல் ஆனி வரைக்கும்தான் வேலை. ஈர மண்ணில் வண்டி இறங்கக் கூடாது.

3. தொடங்கும் முன் சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, தேதியுடன் ஊராட்சியில் பதியணும். முடிந்த பிறகு மறுபடியும் அளக்கணும். முன்கணக்கு இல்லாமல் பின்னால் ஈடு கேட்டால் எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

4. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்கணும். சேற்றுக் குழிக்குத் தார்ப்பாய் விரிக்கணும். வேலை முடிந்ததும் சேற்றை அப்புறப்படுத்தி, மேல்மண்ணை அதே இடத்தில் பரப்பணும்.

5. துளையை அடியிலிருந்து சிமெண்ட் கலவையால் அடைத்து, படம் எடுத்து ஊராட்சியிடம் கொடுக்கணும்.

6. இது வங்கிக்காரன் யோசனை: சீரமைப்புக்கான பணம் முன்கூட்டியே வைப்புத்தொகையாக வரட்டும். ஊர்க்காரர்கள் நிலத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது திரும்பப் போகணும்.

இத்தனையும் கேட்ட பிறகும் 'வேண்டாம்' என்று சொல்ல ஊருக்கு உரிமை இருக்கணும். நம்மாழ்வார் ஐயா மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30-ல் நம்மை விட்டுப் பிரிந்தார்.

நாலைந்து வருஷம் சாணமும் தழையும் போட்டால்தான் கரிசலில் மண்புழு திரும்பி வருது. ஒரு லாரி ஒரே மழைநாளில் அதை நசுக்கிவிடும். உங்கள் ஊரின் அடுத்த கிராம சபைக்கு, கிணறுகளின் நீர்மட்டக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள். யாரும் வராவிட்டாலும் அந்தக் கணக்கு நம்ம விவசாயத்துக்கு உதவும்.