இதயம் ஏன் இடது பக்கம்?



நெஞ்சுல கை வச்சுப் பாருங்க. 'லப் டப்' இடது பக்கம்தானே நல்லாத் தெரியுது? கல்லீரலோ வலது பக்கம். வெளியே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற நம் உடம்புக்கு, உள்ளே மட்டும் இது இடது, இது வலது என்று சொன்னது யார்?

புரதங்கள்தான்! புரதம்னா முட்டை, பருப்பு மட்டும்னு நினைக்காதீங்க. கருவில் சில புரதங்கள் தபால்காரர் மாதிரி செல்லுக்குச் செல் சேதி கொண்டு போகின்றன.

சுண்டெலிக் கருவுக்கு எட்டு நாள் ஆகும்போது அதன் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். அதில் பாரமீசியத்துக்கு இருப்பது போன்ற குறு இழைகள் உண்டு. அவை சுழன்று, குழியில் உள்ள நீரை இடது பக்கம் தள்ளும். இதை 1998-ல் ஜப்பானில் ஹிரோகவா குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2002-ல் ஹமாடா குழுவினர் அந்த நீரை வலது பக்கமாக ஓட விட்டார்கள். கருவின் இடது, வலதே மாறிப் போச்சு!

நீர் ஓடும் பக்கத்தில் 'நோடல்' என்ற புரதம் பெருகி, "இதுதான் இடது" என்று செல்களுக்குச் சொல்லும். அது வலது பக்கமும் பரவினால்? அதற்குத்தான் 'லெஃப்டி' என்ற இன்னொரு புரதம். நடுவில் வரப்பு மாதிரி நின்று நோடலைத் தடுக்கும். லெஃப்டி இல்லாத சுண்டெலிகளில் வலது நுரையீரலும் இடது போலவே ஆனது.

மனிதருக்கும் ஏறக்குறைய இதே வழிதான். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறி இருக்கும். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்கள். ஆனால் குடல்வால் வலி அவர்களுக்கு இடது பக்கம் வரலாம். அதனால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில உறுப்புகள் மட்டும் மாறினால் இதயத்தில் கோளாறு வரலாம்.

குழந்தை குறையோடு பிறந்தால், "கிரகணத்துல வெளியே போனா, அதான்" என்று அம்மாவைத் திட்டுவதை நானே கேட்டிருக்கேன். ஆனால் இடது, வலது முடிவாவது கருவின் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே. வயிற்றில் குழந்தை இருப்பதே அப்போது பல அம்மாக்களுக்குத் தெரியாது! குறு இழைகள் சுழலாமல் போவதற்குக் காரணமான மரபணுக் கோளாறும் பெரும்பாலும் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வருவதுதான்.

அப்புறம் அம்மாவை மட்டும் ஏன் திட்டணும்? யோசிங்க! வீட்டுலயும் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி