மெலனி மார்க்: சட்டமன்றம் கண்ட பூர்வகுடிப் பெண்

பூர்வகுடி என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஓராங் அஸ்லி மக்கள்தான். காட்டோரத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் அவர்களோடு பேசிப் பழகியும் இருப்பார்கள். கனடாவிலும் அப்படி மண்ணுக்கு முன்னவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்தவர்கள். அவர்களில் முதல் குடிகள், இனுவிட், மெட்டி என்று மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. அந்த முதல் குடிகளைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். பெயர் மெலனி மார்க்.

கனடாவின் மேற்குக் கடைசியில், பசிபிக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம். மலையும் காடும் ஆறும் நிறைந்த சீமை. 1871ல் அது கனடாவோடு சேர்ந்தது. அந்த ஆண்டிலிருந்து கணக்குப் போட்டால், முதல் குடியைச் சேர்ந்த ஒரு பெண் அதன் சட்டமன்றத்துக்குள் உறுப்பினராகக் கால் வைக்க 145 ஆண்டுகள் பிடித்தன. 2016ல்தான் அது நடந்தது. மெட்டி வம்சாவளி வந்த கரோல் ஜேம்ஸ் என்ற அம்மையார் அதற்கு முன்பே உறுப்பினராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் குடிப் பெண் என்றால் மெலனி மார்க்தான் முதல் ஆள்.

ஏன் இவ்வளவு காலம்? திறமை இல்லாமலா? கதவையே பூட்டி வைத்திருந்தார்கள் அய்யா! பூர்வகுடி மக்களுக்கு அந்த மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையே 1949 வரை கிடையாது. நாடாளுமன்றத் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தது 1960ல். விருந்து வைத்து, பொருளை வாரிக் கொடுத்துக் கொண்டாடும் பொட்லாட்ச் என்ற அவர்களின் சடங்கை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நிலத்தைக் கேட்டு வழக்குப் போட வக்கீலுக்குப் பணம் சேர்ப்பதுகூட 1927 முதல் 1951 வரை குற்றம். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. கனடாவில் அந்த மாதிரிப் பள்ளிகளில் கடைசியானது 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது.

இதில் நம்மவர்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. அதே மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்யப் போன இந்தியர்களின் ஓட்டுரிமையையும் 1907ல் பிடுங்கினார்கள். பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். அவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 1947ல். பிறகு 1986ல் மோ சிஹோட்டா என்பவர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கூலியாகப் போனவன் வந்தேறி என்பதால் ஓட்டு இல்லை. சொந்த மண்ணிலேயே இருந்தவனுக்கும் ஓட்டு இல்லை. அப்படியானால் அந்த நாட்டில் ஓட்டு யாருக்குத்தான் இருந்தது என்று கேட்டுவிடாதீர்கள். பதில் நமக்கே தெரியும்.

மெலனி மார்க்கின் ரத்தத்தில் நிஸ்கா, கிட்ஸான், கிரீ, ஒஜிப்வே என்று நாலு பூர்வகுடிகள் கலந்திருக்கின்றன. நிஸ்கா மக்கள் நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். சால்மன் மீனும் தேவதாரு மரமும் அவர்களுக்கு உயிர். அந்த இனத்து பிராங்க் கால்டர் என்பவர்தான் 1949லேயே சட்டமன்றம் போனவர். ஓட்டு கிடைத்த அதே ஆண்டில் உறுப்பினரும் ஆகிவிட்டார் மனிதர்! அவர் பெயரால் நடந்த வழக்கில்தான் 1973ல் கனடாவின் உச்ச நீதிமன்றம், வெள்ளைக்காரன் வருமுன்பே இந்த மக்களுக்கு நிலத்தின் மேல் உரிமை இருந்தது என்று ஏற்றுக்கொண்டது. நிஸ்கா மக்களின் நில ஒப்பந்தம் 2000ல் நடைமுறைக்கு வந்தது. ஆக ஆண் ஒருவர் 1949லேயே உள்ளே போய்விட்டார். பெண் போக இன்னும் 67 ஆண்டுகள். அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஆனால் மெலனி வளர்ந்தது ஆற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ அல்ல. வான்கூவர் நகரத்தின் கிழக்குப் பகுதியில். ஏழை பாழைகள் வாழும் இடம். வாடகை வீடும் வறுமையும் போதைப் பொருளும் பிடித்து ஆட்டும் வட்டாரம். போதைப் பழக்கம் தம் குடும்பத்தை எப்படிச் சிதைத்தது என்பதை அவர் மூடி மறைக்கவில்லை. பொது மேடைகளிலேயே சொன்னார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியாதா? "அது எங்க உருப்படப் போவுது" என்பார்கள். நம் லயத்திலும் எத்தனை பிள்ளைகளைப் பார்த்து இந்தச் சொல் சொல்லப்பட்டிருக்கிறது!

அந்தப் பெண் படித்தார். டக்ளஸ் கல்லூரியில் குற்றவியல், பிறகு சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துப் பட்டம். நகரத்துப் பூர்வகுடி இளைஞர்களுக்கான சங்கத்தில் தலைவராக இருந்தார். பிறகு சிறுவர், இளையோர் நலனுக்காக மாநிலச் சட்டமன்றம் அமைத்திருக்கும் தனி அலுவலகத்தில் பல ஆண்டு வேலை. அரசாங்கம் வீட்டிலிருந்து எடுத்து வளர்க்கும் பிள்ளைகள் படும் பாட்டை அங்கேதான் அவர் நேரில் பார்த்தார். அந்த மாநிலத்துப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் போலத்தான் பூர்வகுடிகள். ஆனால் அரசாங்கப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளிலோ பாதிக்கும் மேல் அவர்கள்தான். விடுதிப் பள்ளி போய்விட்டது. பிள்ளையைப் பிரிப்பது போகவில்லை.

2016 பிப்ரவரி 2ஆம் தேதி வான்கூவர் மவுண்ட் பிளசண்ட் தொகுதியில் இடைத்தேர்தல். முன்பு உறுப்பினராக இருந்த ஜென்னி குவான் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியானது. புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று மெலனி மார்க் ஜெயித்தார். தொழிலாளர்களோடு நீண்ட காலம் தொடர்புள்ள கட்சி அது. இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டேதான் அரசியலுக்கு வந்தார்.

அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. 2017 ஜூலை 18ஆம் தேதி ஜான் ஹோர்கன் முதல்வராகப் பதவி ஏற்றபோது, மெலனி மார்க் உயர்கல்வி, தொழிற்பயிற்சி அமைச்சர் ஆனார். அந்த மாநிலத்தில் அமைச்சரான முதல் குடிப் பெண்களிலும் அவர்தான் முதல்வர்.

பதவி வந்ததும் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். மாலையும் போட்டோவும் எல்லோருக்கும் கிடைக்கும். அரசாங்கப் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால், முன்பு சில கல்லூரிகள் மட்டும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவந்தன. 2017ல் அதை மாநிலத்தின் 25 அரசாங்கக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தார்கள். குறைந்தது 24 மாதம் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும், வயது 19 முதல் 26க்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அப்பன் ஆத்தா கையில் காசில்லை என்பது ஒரு கஷ்டம். காசு கேட்க அப்பன் ஆத்தாவே இல்லை என்பது வேறு கஷ்டம். இந்தப் பிள்ளைகள் இரண்டாவது ரகம்.

இன்னொன்று, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெரியவர்கள் திரும்ப வந்து படிக்கும் வகுப்பு. முன்னிருந்த அரசாங்கம் 2015ல் அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தது. 2017ல் அந்த வகுப்பும், குடியேறிகளுக்கான ஆங்கில வகுப்பும் மறுபடி இலவசமாயின. முப்பது வயதில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பாடம் படிக்க வருகிறவளுக்கு அந்தக் கட்டணம் எவ்வளவு பெரிய மலை என்பது படிக்க ஆசைப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். இதை நாம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், காரணம் உங்களுக்கே புரியும்.

விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பூர்வகுடிச் சட்டத்தையும் கனடாச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் பட்ட வகுப்பு 2018ல் தொடங்கியது. அதற்கும் இந்த அரசாங்கம் பணம் ஒதுக்கியது. காட்டையும் ஆற்றையும் பங்கிட அந்த மக்களிடம் சட்டம் இருந்தது என்பதை ஒரு பல்கலைக்கழகம் பாடமாக வைத்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் எல்லாம் இனிப்பாகவே போகவில்லை. 2019 நவம்பரில் பூர்வகுடி உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் பிரகடனத்தை ஏற்று அந்தச் சட்டமன்றம் சட்டம் போட்டது. கனடாவில் முதலில் அப்படிச் செய்த மாநிலம் அதுதான். மூன்று மாதம் ஆகவில்லை. 2020 பிப்ரவரியில் வெட்சுவெட்டன் மக்களின் மண்ணில் எரிவாயுக் குழாய் போடுவதை எதிர்த்தவர்களைப் போலீஸ் வந்து கைது செய்தது. அதைக் கண்டித்துப் பூர்வகுடி இளைஞர்கள் சட்டமன்றத்தின் படிகளில் உட்கார்ந்து வழியை மறித்தார்கள். உள்ளே ஆளும் கட்சி நாற்காலியில் மெலனி மார்க். வெளியே படியில் அவர் இனத்துப் பிள்ளைகள். அந்த நாளில் அந்த அம்மையாரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் நினைத்துப் பார்க்கிறோம். தொழிற்சங்கத்திலிருந்து மேலே போனவர்களைக் கண்ட நமக்கு இது புதுக் காட்சி இல்லை.

2020 தேர்தலுக்குப் பின் அவருக்குச் சுற்றுலா, கலை, பண்பாடு, விளையாட்டு இலாகா கிடைத்தது. பெருந்தொற்றுக் காலம், ஓட்டல்களும் கப்பல்களும் முடங்கிக் கிடந்த நேரத்தில் சுற்றுலாத் துறை! போதாக்குறைக்கு 2022 மே மாதம் தலைநகரத்து அரசாங்க அருங்காட்சியகத்தை இடித்து, 78 கோடியே 90 லட்சம் டாலரில் புதிதாகக் கட்டப் போவதாக அறிவித்தார்கள். குடும்ப டாக்டர்கூட கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடும்போது இது தேவையா என்று மாநிலமே கொதித்தது. அடுத்த மாதமே முதல்வர் திட்டத்தை நிறுத்தினார். முடிவு மந்திரிசபை முழுவதுக்கும் சேர்ந்தது. ஆனால் மேடையில் நின்ற துறை மந்திரியின் மேல்தான் ஏச்சுப் பேச்சு அதிகம் விழுந்தது. திட்டம் தப்பா சரியா என்பது வேறு. ஜனங்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது என்றுதான் நாம் சொல்வோம்.

2022 செப்டம்பரில் அவர் மந்திரிப் பதவியை விட்டார். 2023 பிப்ரவரி 22ஆம் தேதி சட்டமன்றத்தில் எழுந்து, உறுப்பினர் பதவியையும் விடுவதாகச் சொன்னார். அன்றைய பேச்சில் பூசி மெழுகவில்லை. காலனி ஆட்சிக் காலத்தில் முளைத்த இந்த மாதிரி அமைப்புகளுக்கு மாற்றம் என்றாலே ஒத்துக்கொள்ளாது என்றார். அந்த இடம் தமக்கு ஒரு சித்திரவதைக் கூடம்போல் இருந்தது என்றார். தம் பெயரைக் கெடுக்கும் பேச்சுகளை இனிக் கேட்க வேண்டியதில்லை என்பதையும் சொன்னார். அவருக்கு நிஸ்கா மொழியில் ஒரு பெயருண்டு. பெரிய கழுகின் ஆவி என்று பொருள் வரும். கழுகையும் கூண்டில் வைத்தால் என்ன செய்யும்?

"நாற்காலி கிடைச்சும் விட்டுட்டுப் போயிட்டாளே" என்று சிலர் சொல்லக்கூடும். ஏழு வருடம் தாங்கினார் என்றும் சொல்லலாம். நாம் இரண்டாவது பக்கம்தான்.

அந்தக் காலி இடத்துக்கு 2023 ஜூன் 24ஆம் தேதி இடைத்தேர்தல் வந்தது. அதே கட்சியில் நின்று ஜெயித்தவர் ஜோன் பிலிப். அவரும் பூர்வகுடிப் பெண். பல காலமாக நில உரிமைக்குப் போராடி வந்தவர். ஆகஸ்ட் முதல் தேதி, கட்டணத் தள்ளுபடித் திட்டத்தில் இருந்த வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 27 வயதைத் தாண்டிவிட்டது, இனி நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்தவர்களும் அதன் பிறகு கல்லூரிப் பாரத்தை நிரப்பலாம் என்றாயிற்று.